எப்போதும் வெளியே போயிருக்கும் படம்

வெல்மா டோம்கோவின் வீடியோ கடையில் போய் "நல்ல படம் ஏதாவது இருக்கா?" என்று கேட்டால் முதலில் கிடைப்பது திட்டுத்தான்.

"நல்லது வேணும்னா சர்ச்சுக்குப் போ. பயப்படணும்னா மட்டும் இங்க வா," என்பாள்.

வாசலை ஒட்டிப் புதுப் படங்கள் பளபளவென்று அடுக்கியிருக்கும். அவை கடைக்கு வாடகை கட்டுவதற்கு. அவளுடைய உயிர் இருந்தது பின்சுவர் அலமாரியில். கையில் காசில்லாதவர்கள் நாலு பேர் சேர்ந்து, சொந்தக்காரன் வீட்டுக் கொட்டகையில் வைத்து எடுத்து, ஊரில் ஒருத்தரும் பார்க்காமல் போன பேய்ப் படங்களாகத் தேடித் தேடி வாங்கி அதில் நிரப்பியிருந்தாள். ஒவ்வொரு பெட்டியிலும் ஓர் அட்டை செருகியிருக்கும். அதில் அவள் கையெழுத்தில், இந்தப் படத்தை ஏன் பார்க்க வேண்டும் என்று இரண்டு வரி.

ஆளைப் பார்த்ததும் படத்தை எடுத்துக் கொடுத்துவிடுவாள். முட்டி அறுவை செய்துகொண்ட தபால்காரர் ஒருநாள் தாங்கித் தாங்கி வந்து நின்றார். "டாக்டர் உன்னை மாடிப்படி ஏறச் சொல்லியிருக்காரா? அப்ப இதை எடுத்துட்டுப் போ. மூணு பேர் ஒரு லிஃப்டுல மாட்டிக்கிறாங்க. படம் பூரா அந்த லிஃப்டுதான், அதுவும் அட்டைல செஞ்சது. ஆனா பாத்தேன்னா ஒரு வருஷத்துக்கு லிஃப்டு பக்கமே போகமாட்ட." புதுசாகக் கல்யாணமான இருவருக்கு வேறு மாதிரி. "இதுல ரத்தமே கிடையாது. ஒரு கதவு இருக்கு. ஒவ்வொரு தடவையும் கொஞ்சம் கூடுதலாத் திறக்கும், அவ்வளவுதான். கையைப் பிடிச்சுக்கிட்டுப் பாருங்க."

யார் எந்தப் படத்தை எடுத்துப் போனார்கள் என்பதை மட்டும் அவள் வாயிலிருந்து யாரும் வாங்கிவிட முடியாது. பாதிரியாருக்கும் டாக்டருக்கும் இல்லாத கட்டுப்பாடு அவளிடம் இருந்தது.

லென் பாவ்லிக் அந்தப் பின் அலமாரிப் பக்கம் போகிற ஆளே அல்ல. கடைவீதியில் அவனுக்குக் கார்பெட் கடை, அப்பா காலத்துக் கடை. வெள்ளிக்கிழமைகளில் வெல்மா கடைக்கு வந்து, மனைவி டோரீனுக்குப் பிடித்த பாட்டும் ஆட்டமுமான படம் ஒன்றை எடுத்துக்கொண்டு போய்விடுவான். ஆகஸ்ட் மாதக் கடைசியில் ஒரு வெள்ளிக்கிழமை அந்தப் படங்களை வெல்மா இடம் மாற்றி வைத்திருந்தாள். தேடிக்கொண்டே போனவன் பின்சுவருக்கு வந்துவிட்டான். அங்கே கண் மட்டத்தில் ஒரு பெட்டி. அதில் எழுதியிருந்தது: கசடுமேட்டுப் பூதம்.

அவன் சட்டென்று திரும்பி, யாராவது பார்க்கிறார்களா என்று பார்த்தான்.

பெட்டி மேல் வரைந்திருந்த கோரைப்பல் பூதம் படத்தில் வராது. அது தூக்கிக்கொண்டு ஓடும் நீச்சலுடைப் பெண்ணும் வரமாட்டாள். இது லென்னுக்கு உறுதியாகத் தெரியும். ஏனென்றால் அந்தப் படத்தை எடுத்தவனே அவன்தான்.

இருபது வருஷத்துக்கு முந்தைய கூத்து அது. அப்போது உருக்காலை ஓடிக்கொண்டிருந்தது. இரும்பை உருக்கியதும் மிஞ்சுகிற கசடை ராத்திரியில் ஊர் ஓரத்து மேட்டில் கொட்டும்போது மேடு முழுக்கச் சிவந்து எரியும். அதைப் பார்த்துப் பார்த்து லென்னுக்கு ஒரு கதை தோன்றியது. கசடில் புதைந்துபோன தொழிலாளி பூதமாகி, ஒவ்வொரு ராத்திரியும் வீட்டுக்குச் சாப்பிட வருகிறான். வாடகைக் காமிரா, நண்பர்கள் நாலு பேர், கதாநாயகி டோரீன். அப்போது அவர்களுக்குக் கல்யாணம் நிச்சயம் ஆகியிருந்தது. பூதத்துக்கு உடுப்பு தைக்க வழியில்லாமல் கடையில் மிஞ்சிய கார்பெட் துண்டுகளை எடுத்துத் தைத்தான். பச்சை நிறம், விரல் நீளத்துக்கு மயிர். அங்கேதான் கோட்டைவிட்டான். அந்த வருஷம் ஊரில் பாதி வீட்டுக்கு அவன் அப்பா அதே கார்பெட்டைத்தான் விற்றிருந்தார்.

ஊருக்கு வெளியே இருந்த திறந்தவெளித் தியேட்டரில் ஒரே ஒரு ராத்திரி படம் ஓடியது. எல்லாரும் காரிலேயே உட்கார்ந்து பார்த்தார்கள். லென்னும் டோரீனும் மூன்றாவது வரிசையில். சமையலறைக் காட்சி வந்தது. கதவுக்கு வெளியே பூதம் நிற்கிறது. உள்ளே டோரீன், அது யார் என்று தெரிந்தே, மேஜையில் தட்டை வைத்து, சூப்பை ஊற்றி, மூடிய கதவைப் பார்த்துப் பேசுகிறாள். லென் அந்த ஒரு காட்சிக்காகத்தான் மொத்தப் படத்தையும் எடுத்தான். அந்த நேரம் பார்த்து எமில் ஹுடாக் என்பவன், கிரேன் ஓட்டுகிற ஆள், காரிலிருந்து தலையை நீட்டி, "அடேய், எங்க வீட்டு ஹால் கார்பெட்டுடா!" என்று கத்தினான். அவ்வளவுதான். ஒரு கார் ஹாரன் அடித்தது, பிறகு எல்லாக் கார்களும் அடித்தன. மைதானமே சிரித்தது.

பக்கத்தில் டோரீன் சீட்டில் சரிந்து உட்கார்ந்திருந்தாள். லென் அவள் முகத்தைப் பார்க்கவில்லை. வண்டியைக் கிளப்பினான். படத்தின் சத்தம் கேட்கக் கார் ஜன்னலில் மாட்டியிருந்த தியேட்டர் ஸ்பீக்கரைக் கழற்றித் தூணில் வைக்க வேண்டும் என்பதுகூட மறந்துபோய், அதை ஒயரோடு பிய்த்துக்கொண்டு வெளியேறினான். அந்த ஸ்பீக்கர் இன்னும் அவர்கள் வீட்டு கராஜில் தொங்குகிறது. அந்தப் படத்தைப் பற்றி இருவரும் அதன்பின் ஒரு வார்த்தை பேசியதில்லை. டோரீன் அதன்பின் நடிக்கவும் இல்லை. பள்ளிக்கூட அலுவலகத்தில் வேலைக்குப் போனாள். படச்சுருளைக் கிளீவ்லாந்துக்காரர் ஒருவர் வாங்கிப் போனார், அது மக்கிப்போயிருக்கும் என்று லென் இத்தனை வருஷம் நிம்மதியாக இருந்தான்.

இப்போது பார்த்தால் அது பெட்டியில் ஏறி வெல்மா கடையில் உட்கார்ந்திருக்கிறது. அட்டையில் வெல்மா எழுதியிருந்தாள்: "பூதத்தைப் பார்த்துச் சிரித்துக்கொள்ளுங்கள். சமையலறையில் அந்தப் பெண் பேசும்போது சிரிக்க முடிகிறதா என்று பாருங்கள்."

டோரீன் இதைப் பார்த்துவிடக் கூடாது. லென்னுக்கு அது ஒன்றுதான் ஓடியது. ஊர் மறுபடி சிரிக்கட்டும், அவன் தாங்கிக்கொள்வான். அவள் இன்னொரு தடவை அப்படிச் சரிந்து உட்காரக் கூடாது.

பெட்டியை எடுத்து வெல்மாவிடம் நீட்டினான்.

வெல்மா கண்ணாடியைத் தூக்கிவிட்டுக்கொண்டு அவனைப் பார்த்தாள். "நீயா? பாட்டுப் படத்துக்காரன் இதை எடுக்கிறியா? கொஞ்சம் இரு, நான் உக்காந்துக்கறேன்."

"சும்மாதான்... ஒரு மாறுதலுக்கு."

"மாறுதலாம்ல! பாரு, பாரு. யார் எடுத்த படமோ, பேரு எல்.பி. ஹார்ட்னு போட்டிருக்கு. எங்கயோ பட்டினி கிடந்து செத்திருப்பான் பாவம்."

லென் அசடு வழிந்தான். எல்.பி. ஹார்ட் என்பது அவன் தனக்கு வைத்துக்கொண்ட பெயர். வெல்மா யங்ஸ்டவுனிலிருந்து இங்கே குடிவந்து பத்து வருஷம்கூட ஆகவில்லை. அவளுக்குப் பழைய கதை எதுவும் தெரியாது.

படத்தை இரண்டு நாளில் திருப்பித் தர வேண்டும். லென் கொடுத்தான், அங்கேயே நின்று மறுபடி எடுத்துக்கொண்டான். அப்படியே செப்டம்பர் முழுக்க ஓடியது. டேப் அவன் வேனின் சீட்டுக்கு அடியில் கிடந்தது, ஒருநாளும் அதை அவன் போட்டுப் பார்க்கவில்லை. ஒரு தடவை, "இது தொலைஞ்சுபோச்சுன்னா என்ன பண்ணுவீங்க?" என்று நூல் விட்டுப் பார்த்தான்.

"தொலைச்சியா?"

"இல்ல இல்ல. சும்மா கேட்டேன்."

"தொலைச்சேன்னா நாலு டேப் வாங்கி வரிசையா வைப்பேன். இப்படி ஒருத்தன் விழுந்து விழுந்து பாக்கிற படத்தை விட்டுருவேனா?" வெல்மா கல்லாமேல் சாய்ந்துகொண்டு குரலைத் தழைத்தாள். "சொல்லு. எனக்கு இதைப் பேச ஆளே இல்ல. அந்தக் கடைசிக் காட்சில மழை பெய்யுதே, எப்படி இருந்துச்சு உனக்கு?"

"அது மழை இல்ல, தோட்டத்துக் குழாய். ஏணில ஒருத்தன் நின்னு பிடிச்சுக்கிட்டிருக்கான்," என்றான் லென், வாய் தவறி.

"உனக்கு எப்படித் தெரியும்?"

"பாத்தாலே... தெரியுதே."

"உனக்குக் கண்ணு இருக்கு பாவ்லிக்," என்றாள் வெல்மா மனம் நெகிழ்ந்து. "இத்தனை நாள் உன்னை வெறும் கார்பெட்டுன்னு நினைச்சுட்டேன்."

வெளியே வந்தபோது லென்னுக்கு உள்ளுக்குள் ஏதோ குளிர்ந்தது. அந்தப் படத்தைப் பற்றி நல்லதாக ஒருத்தர் பேசி அவன் கேட்டது வாழ்க்கையிலேயே அதுதான் முதல் தடவை.

அக்டோபர் நடுவில் வெல்மா தன் கடைக் கண்ணாடியில் ஒரு பெரிய தாளை ஒட்டினாள். ஒவ்வொரு வருஷமும் பேய் வேஷம் போடுகிற ஹாலோவீன் பண்டிகைக்கு முந்தைய சனிக்கிழமை தீயணைப்புக்காரர்கள் கூடத்தில் சாப்பாடும் பேய்ப் படமும் உண்டு. டோரீன் வருஷம் தவறாமல் அங்கே பியரோகி, அதாவது உருளைக்கிழங்கு வைத்த கொழுக்கட்டை, செய்யப் போவாள். லென் போனதில்லை, அவனுக்குப் பேய்ப் படம் ஆகாது என்று ஊர் நினைத்துக்கொண்டிருந்தது. அங்கே போடும் படத்தை எப்படித் தேர்ந்தெடுக்கிறார்கள் என்று அவன் கேட்டுக்கொண்டதும் இல்லை. கேட்டிருக்கலாம்.

கண்ணாடியில் இருந்தது: "இந்த வருஷம் பின் அலமாரியிலிருந்து அதிகத் தடவை வெளியே போன படம்: கசடுமேட்டுப் பூதம்!"

லென் நடைபாதையிலேயே நின்றுவிட்டான். யார் கண்ணிலும் படாமல் ஒளித்து வைக்கிறேன் பேர்வழி என்று அதை முதலிடத்துக்கு ஏற்றிவிட்டவன் அவனேதான். தன் தலையில் தானே மண்ணை வாரிப் போட்டுக்கொண்டதற்கு அவனைவிடப் பொருத்தமாக ஒருத்தன் கிடைக்கமாட்டான்.

உள்ளே ஓடினான். "வெல்மா, வேற படம் போடுங்க. அந்த லிஃப்டுப் படம்... அது நல்லாருக்குமே?"

"எதுக்கு? ஜெயிச்சது இது. எல்லாம் உன் புண்ணியம்தான்." அவள் முகமெல்லாம் சிரிப்பு. "அப்புறம் இன்னொண்ணு. படத்தைக் கடைசியா எடுத்தவன்தான் கூடத்துக்கு டேப்பைக் கொண்டுவரணும். எழுந்து நின்னு, ஏன் பாக்கணும்னு ரெண்டு வார்த்தை பேசணும். அதான் வழக்கம். நல்ல சட்டை போட்டுட்டு வா."

அன்று சாப்பிடும்போது லென் தட்டைப் பார்த்துக்கொண்டே சொன்னான். "அந்தச் சனிக்கிழமை ஈரி ஊர்ல இருக்கிற உன் தங்கச்சி வீட்டுக்குப் போய்ட்டு வரலாமா?"

டோரீன் நிமிர்ந்தாள். "எந்தச் சனிக்கிழமை?"

"ஹாலோவீனுக்கு முந்தினது."

"என் தங்கச்சி வீட்டுக்குப் போகணும்னு நீயா சொல்றே? உடம்புக்கு ஏதாவதா?" பிறகு உருளைக்கிழங்கைப் பிசைந்துகொண்டே, "இல்ல. இந்த வருஷம் நான் கூடத்துக்குப் போகாம இருக்கமாட்டேன்," என்றாள். அவள் குரலில் இருந்த அழுத்தம் லென்னுக்குப் புரியவில்லை. வீதியில் நடப்பவள்தானே, கண்ணாடியில் ஒட்டியதைப் பார்த்திருப்பாள். பார்த்தும் ஒன்றும் சொல்லவில்லை என்றால் அவளுக்கு எவ்வளவு வலிக்கும் என்று அவனாக ஒரு கணக்குப் போட்டு, ராத்திரி முழுக்கப் புரண்டான்.

சனிக்கிழமை மாலை டோரீனைக் கூடத்தில் இறக்கிவிட்டான். வேனைத் திருப்பி நிறுத்தினான். பிறகு இறங்கவில்லை. டேப்பை எடுத்து ஸ்டியரிங்குக்கு முன்னால் வைத்துக்கொண்டு உட்கார்ந்தான். குடும்பம் குடும்பமாக உள்ளே போனார்கள். எமில் ஹுடாக்கும் போனான், இப்போது ஊன்றுகோலோடு. அவனைப் பார்த்ததும் லென்னின் கை சாவிக்குப் போனது. டேப்பைக் கொண்டுவருகிறவன் வராவிட்டால் வெல்மா வேறு எதையாவது போடுவாள். திட்டுவாள், திட்டட்டும். சாவியைத் திருப்பினான். எஞ்சின் ஓட ஆரம்பித்தது.

பக்கத்துக் கதவு திறந்தது. மாவு அப்பிய ஏப்ரனோடு டோரீன்.

"புளிச்ச க்ரீம் டப்பாவை இங்கயே விட்டுட்டேன். எஞ்சினை எதுக்குப் போட்டிருக்க? உள்ள வந்து சாப்பிடு. டேப்பைக் கொண்டுவர வேண்டிய ஆளைக் காணோம்னு வெல்மா குதிச்சுக்கிட்டிருக்கா, வேடிக்கையாவது..." அவள் பேச்சு நின்றது. டேப்பைப் பார்த்துவிட்டாள்.

"நீயா?" என்றாள். "அந்தக் கிறுக்கன் நீயா?"

"எந்தக் கிறுக்கன்?"

"நம்ம படம் வெல்மா கடைல இருக்குன்னு பள்ளிக்கூடத்துல யாரோ சொன்னதுலேருந்து எத்தனை தடவை அங்க நடந்திருக்கேன்! போறப்பெல்லாம் 'வெளிய போயிருக்கு டோரீன், ஒரு கிறுக்கன் அதைக் கட்டிக்கிட்டு அழறான்'ங்கிறா. யாருன்னு கேட்டா வாயைத் திறக்கமாட்டேங்கிறா. எவனோ முன்பின் தெரியாதவன் நம்ம படத்தை இப்படிப் பாக்கிறானேன்னு நான் ஒரு மாசமா சந்தோஷத்துல மிதந்துக்கிட்டிருக்கேன். கடைசில பாத்தா நீ!"

"நீ அதைத் தேடுனியா? எதுக்கு?"

"பாக்கத்தான், வேற எதுக்கு? நான் கடைசி வரைக்கும் பாத்ததே இல்லையே. நீதான் பாதில வண்டியை எடுத்துட்டியே." ஓடிக்கொண்டிருந்த எஞ்சினை அவள் காட்டினாள். "இப்பவும் எடுக்கத்தான் பாத்தியா?"

லென் டேப்பைப் பார்த்துக்கொண்டே சொன்னான். "அவங்க உன்னைப் பாத்துச் சிரிச்சாங்க டோரீன். நீ சீட்டுல அப்படியே சரிஞ்சு உக்காந்திருந்த. உனக்கு எவ்வளவு அவமானம்னு நினைச்சுத்தான்..."

"சரிஞ்சு உக்காந்தேனா? நான் சிரிச்சுக்கிட்டிருந்தேன்டா! வயித்தைப் பிடிச்சுக்கிட்டு. அந்தக் கார்பெட்டைப் பாத்து யார்தான் சிரிக்கமாட்டாங்க? எங்கம்மா வீட்டுலயும் அதுதான் கிடந்துச்சு." பிறகு குரல் இறங்கியது. "நீ வண்டியை எடுத்தப்பதான் சிரிப்பு நின்னுச்சு. எவன் சிரிச்சாலும் எனக்கு வலிக்கல. படம் எடுத்த உனக்கே என் நடிப்பைப் பாக்கச் சகிக்கலன்னு நினைச்சேன். அதுக்கப்புறம் நீ அதைப் பத்தி ஒரு வார்த்தை பேசல. அப்ப அது நிஜம்தான்னு முடிவு பண்ணிட்டேன்."

இருபது வருஷம். ஒரே வீடு, ஒரே மேஜை, ஒரே கட்டில். இவள் வெட்கப்படுகிறாள் என்று அவனும், அவன் வெட்கப்படுகிறான் என்று இவளும். லென் எஞ்சினை அணைத்தான். ஏதோ சொல்ல வாயைத் திறந்தான், அழுகைதான் வந்தது. டோரீன் மாவுக் கையாலேயே அவன் கன்னத்தைத் துடைத்துவிட்டாள்.

"அந்தக் காட்சிக்காகத்தான் மொத்தப் படத்தையும் எடுத்தேன்," என்றான் லென்.

"இதை அன்னிக்கே சொல்லியிருக்கலாம்ல, மடையா. எழுந்திரு. பியரோகி ஆறுது."

கூடத்தில் மடக்கு நாற்காலிகள் எல்லாம் நிறைந்திருந்தன. வெல்மா அவனைப் பார்த்ததும் பாதி மன்னிப்பும் பாதி வசவுமாக டேப்பைப் பிடுங்கி, டிவிக்குக் கீழே இருந்த பெட்டியில் சொருகினாள். "பேசு," என்றாள்.

லென் எழுந்து நின்றான். கார்பெட் விற்கிற ஆள், கூட்டத்தில் பேசிப் பழக்கமில்லை. கன்னத்தில் மாவு இருந்தது.

"வெல்மா ஒவ்வொரு படத்துக்கும் ரெண்டு வரி எழுதுவாங்க. எனக்கு அந்த மாதிரி வராது. இந்தப் படத்துல பூதம் போட்டிருக்கிறது எங்க கடைக் கார்பெட். தாராளமாச் சிரிங்க. மழை குழாய்த் தண்ணி. இதை எடுத்தவனுக்கு ஒண்ணும் தெரியாது, அது நான்தான்." கூடம் கலகலத்தது. வெல்மாவின் வாய் திறந்தபடி இருந்தது. "ஆனா சமையல் ரூம்ல ஒரு பொண்ணு வரும். அதைப் பாருங்க. அதுக்காகப் பாருங்க. அது என் பெண்டாட்டி. அவ நடிச்ச மாதிரி நடிக்க நான் இன்னிக்கு வரைக்கும் யாரையும் பாத்ததில்ல. இதை நான் இருபது வருஷம் முந்தியே சொல்லியிருக்கணும்."

சொல்லிவிட்டு வந்து டோரீன் பக்கத்தில் உட்கார்ந்தான். அவள் அவனைத் திரும்பிப் பார்க்காமல் அவன் கையை மட்டும் எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டாள்.

பூதம் வந்தது. முன்வரிசையில் எமில் ஹுடாக் ஊன்றுகோலைத் தரையில் தட்டினான். "எங்க ஹால் கார்பெட்டுடா! பாவ்லிக், அது இன்னும் வீட்டுல கிடக்கு. ஒரு மயிர் உதிரல!" எல்லாரும் சிரித்தார்கள், எல்லாரையும்விடச் சத்தமாக டோரீன் சிரித்தாள். கண்ணில் தண்ணீர் வரும்வரை சிரித்தாள்.

பிறகு சமையலறை. மூடிய கதவு, மேஜை, தட்டு. இருபது வயது டோரீன் சூப்பை ஊற்றிவிட்டுக் கதவைப் பார்த்து, "ஆறிடும், சீக்கிரம் சாப்பிடு. நான் திறக்கமாட்டேன். ஆனா இங்கயேதான் உக்காந்திருப்பேன்," என்கிறாள். பின்னால் யாரோ ஒருத்தன் சிரிக்க ஆரம்பித்தான். சுற்றிப் பார்த்துவிட்டு நிறுத்திக்கொண்டான். எமில் ஹுடாக் ஊன்றுகோலைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டான், சத்தம் கேட்டுவிடக் கூடாது என்பதுபோல.

கடைசிக் காட்சியில் குழாய் மழை பெய்தது. வாசற்படியில் காலித் தட்டு நனைகிறது. டோரீன் குனிந்து அதை எடுக்கிறாள், நிமிர்ந்து மேட்டைப் பார்க்கிறாள், லேசாகச் சிரிக்கிறாள். அவ்வளவுதான் படம். விளக்கைப் போட்டார்கள். கை தட்டினார்கள், ஊர்க்காரர்கள் தட்டுகிற மாதிரி, கொஞ்சம் கூச்சத்தோடு. நாற்காலிகளை மடக்கும் சத்தம் எழுந்தது. டேப்பைத் தொடக்கம்வரை பின்னால் சுற்றிக் கொடுப்பது கடைசியாக எடுத்தவன் வேலை என்று வெல்மா கத்தினாள், மூக்கை உறிஞ்சிக்கொண்டே.

லென் டிவிக்கு அருகே போய்க் குனிந்தான்.

"லென்," என்றாள் டோரீன். அவள் இன்னும் எழுந்திருக்கவில்லை. "முழுக்கச் சுத்தாத. அந்தத் தட்டு வரைக்கும் போதும். அதை நான் இன்னொரு தடவை பாக்கணும்."

நாற்காலியை மடக்கிக்கொண்டிருந்தவர்கள் அவளைப் பார்த்தார்கள். பிறகு ஒவ்வொருத்தராக மறுபடி விரித்துப் போட்டு உட்கார்ந்தார்கள்.